லொக்கேஷன் தப்பாகக் காட்டுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஜிபிஎஸ் இடறினால் ஃபோனை அணைத்துப் போடுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பல நேரம் அது பலித்தும் விடும். ஆனால் என்ன கோளாறு, எதனால் சரியானது என்று தெரியாததால் அடுத்த முறையும் தட்டுத் தடுமாறித்தான் தேட வேண்டியிருக்கிறது. டெலிவரிக்குப் போகிறவர் ஒரு தெரு மாறிப் போனால் பத்து நிமிடம் போகும். நடுக்கடலில் இருக்கும் படகுக்கும் நிலம் அளக்கும் சர்வேயருக்கும் அதே பிழை வேறு விலை வைக்கும். அதனால் அறிகுறிவாரியாகப் பார்ப்போம். அதற்கு முன் அடிப்படைக் கணக்கைத் தெரிந்துகொள்வது அவசியம். அது புரிந்தால் பாதிக் கோளாறுகளை நீங்களே ஊகித்துவிடலாம்.

மேலே சுற்றும் செயற்கைக்கோளுக்கு (இனி சுருக்கமாகக் கோள்) உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. நான் இன்ன கோள், இந்த நொடியில் இங்கே இருக்கிறேன், என் கடிகாரத்தில் மணி இது என்று அது ஓயாமல் ஒலிபரப்புகிறது. அந்தச் சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தைக் கருவி அளந்து, ஒளியின் வேகத்தால் பெருக்கித் தூரம் காண்கிறது. ஜிபிஎஸ் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நேரம் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது, ஃபோனில் இருப்பதோ மலிவான குவார்ட்ஸ். ஆகவே அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என்ற மூன்றோடு ஃபோன் கடிகாரத்தின் பிழையையும் சேர்த்து நான்கைக் கண்டுபிடிக்க வேண்டும். நான்கு கோள்கள் தெரிந்தால்தான் விடை கிடைக்கும் என்பது இதனால்தான்.

இப்போது அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய நான்கும் உலகம் முழுக்க வேலை செய்கின்றன. ஜப்பானின் மிச்சிபிகியும் இந்தியாவின் நாவிக்கும் அந்தந்த வட்டாரத்துக்கானவை. இன்றைய சாதாரண ஃபோன்கூட இவற்றில் பலவற்றைச் சேர்த்தே கேட்கிறது. மொத்தமாக எல்லாவற்றையும் ஜிபிஎஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

பிழை நான்கு இடங்களில் நுழையலாம்: கோள், வழியிலுள்ள வளிமண்டலம், உங்களைச் சுற்றியுள்ள கட்டடமும் கருவியும், கடைசியாக வரைபடம். கோளின் மேல்தான் எல்லோரும் முதலில் பழி போடுகிறார்கள். அங்கே தவறு நடப்பது மிக அபூர்வம். எனவே எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் மட்டுமா, எங்கே போனாலுமா? எந்நேரமும் அப்படியா, குறிப்பிட்ட வேளையில் மட்டுமா? பக்கத்தில் இருப்பவர் கருவியிலும் இதே கதையா? கோள்களின் சிக்னல் அளவைக் காட்டும் இலவச ஆப் ஒன்றையும் ஃபோனில் போட்டு வையுங்கள். அதில் 40 டிபி-ஹெர்ட்ஸ் அளவில் தெரிந்தால் நல்ல சிக்னல். 25க்குக் கீழே போனால் அந்தக் கோளை நம்ப முடியாது.

வெகுநேரம் சிக்னல் தேடிக்கொண்டே நிற்கிறது

கோள் எங்கே இருக்கிறது என்ற விவரம் நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் வருகிறது. ஒரு கோளின் முழு விவரம் வர 30 நொடி ஆகும். எல்லாக் கோள்களின் பொதுப் பட்டியலும் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம். ஃபோனில் டேட்டா இருந்தால் இந்த விவரங்களை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதால் சில நொடிகளில் இடம் கிடைத்துவிடும். டேட்டா இல்லாத மலைப்பகுதியிலோ, விமானத்தில் வெகுதூரம் வந்து இறங்கிய பிறகோ, மாதக்கணக்கில் அணைத்து வைத்திருந்த கருவியிலோ நேரம் பிடிப்பது கோளாறே இல்லை.

செய்ய வேண்டியது எளிது: திறந்தவெளியில், அசையாமல், இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள். மரநிழலில் நடந்துகொண்டே தேடினால் அந்த 30 நொடிச் செய்தி நடுவில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இணையம் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலரும் நம்புகிறார்கள். இணையம் தேவைப்படுவது மேப் படத்துக்குத்தான். படத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் சிம் இல்லாத ஃபோனும் வழிகாட்டும். காருக்குள் மட்டும் சிக்னல் கிடைக்கவில்லையென்றால் கண்ணாடியைச் சந்தேகியுங்கள். வெயில் தடுக்க உலோகப் பூச்சு கொண்ட கண்ணாடியும் ஃபிலிமும் சிக்னலையும் சேர்த்தே தடுக்கும்.

பக்கத்துத் தெருவில் காட்டுகிறது, புள்ளி குதிக்கிறது

உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வருகிறது. சுற்றி வந்த வழி நீளமானது. கருவி அதை நேர்வழி என்று எண்ணித் தூரத்தைக் கூட்டிவிடுகிறது. நியூயார்க்கின் மன்ஹாட்டனோ ஹாங்காங்கோ சென்னையின் குறுகலான தெருக்களோ, எங்கும் இதே கதைதான்.

கோள்கள் பல அலைவரிசைகளில் பேசுகின்றன. அவற்றில் பழைய எல்1 சிக்னலின் குறியீட்டில் ஒரு துணுக்கின் நீளம் சுமார் 300 மீட்டர். புதிய எல்5 சிக்னலில் அது பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 மீட்டர். துணுக்கு சிறியதாக இருந்தால் நேராக வந்ததையும் தெறித்து வந்ததையும் பிரித்தறிவது சுலபம். 2018இல் ஷாவ்மியின் மீ 8 வந்ததிலிருந்து இவை இரண்டையும் கேட்கும் இரட்டை அலைவரிசை ஃபோன்கள் கிடைக்கின்றன. வேலைக்காக மேப்பை நம்பியிருப்பவர் அடுத்த ஃபோன் வாங்கும்போது கேமராவுக்கு முன் இதைப் பார்ப்பது நல்லது. இருக்கிற ஃபோனில் செய்யக்கூடியது: பேட்டரி சேமிப்பு முறையை நிறுத்துங்கள், தெருவின் வானம் அதிகம் தெரியும் பக்கம் நில்லுங்கள், புள்ளி நிலைத்த பிறகு இடத்தைப் பகிருங்கள்.

மேம்பாலத்தின் மேலே போகிறீர்களா கீழே போகிறீர்களா என்று மேப் குழம்புவது வேறு காரணம். பூமிக்கு அந்தப் பக்கம் உள்ள கோள்கள் நமக்குத் தெரியாது. எல்லாமே மேலிருந்துதான் பேசுகின்றன. அதனால் உயரத்தில் வரும் பிழை, கிடைமட்டப் பிழையைவிட எப்போதும் கூடுதல். இதற்கு ஃபோன் அமைப்பில் மருந்து இல்லை. பிரிவு வருவதற்கு முன்பே வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கும்போது மட்டும் அம்பு தவறான திசை காட்டினால் அது ஜிபிஎஸ் வேலையே இல்லை. நின்ற இடத்தில் திசை சொல்வது ஃபோனின் காந்த திசைகாட்டி. காந்தம் வைத்த கவரையும் ஹோல்டரையும் கழற்றிவிட்டு, ஃபோனை எட்டு வடிவில் நாலைந்து முறை சுழற்றுங்கள்.

வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க, வேறு ஊரில் இருப்பதாகச் சொல்கிறது

கூரைக்கடியில் கோள் தெரியாததால் ஃபோன் சுற்றியுள்ள வைஃபை ரவுட்டர்களைப் பார்த்து இடத்தை ஊகிக்கிறது. எந்த ரவுட்டர் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் நிறுவனங்களிடம் இருக்கிறது. வீடு மாறும்போது ரவுட்டரையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தால், பட்டியலில் அது இன்னும் பழைய முகவரியில்தான் இருக்கும். வெளியே வந்து வைஃபையை அணைத்துப் பாருங்கள். இடம் சரியானால் காரணம் இதுதான். நாளாக ஆகப் பட்டியல் தானே திருந்திவிடும்.

எப்போதும் ஒரே திசையில், ஒரே அளவு தள்ளிக் காட்டுகிறது

இது முக்கியமான துப்பு. சிக்னல் கோளாறு என்றால் புள்ளி அலையும். அலையாமல் சீராக நூறு, இருநூறு மீட்டர் தள்ளி நின்றால் கருவி சரியாக இருக்கிறது, அதை ஒப்பிடும் படம்தான் வேறு கணக்கில் வரையப்பட்டிருக்கிறது.

பூமி முழு உருண்டை அல்ல. சற்று நசுங்கியது, மேடுபள்ளம் கொண்டது. வரைபடம் போட அதை ஒரு சீரான வடிவமாக எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த வடிவம், அதன் மையம் எங்கே என்பதை ஒவ்வொரு நாடும் தன் நிலப்பரப்புக்குப் பொருந்தும்படி தீர்மானித்தது. இந்தியாவின் பழைய நில அளவைப் படங்கள் எவரெஸ்ட் 1830 என்ற வடிவத்தில் அமைந்தவை. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொதுக் கணக்கு. ஒன்றின் எண்களை மற்றதன் படத்தில் குறித்தால் தமிழ்நாட்டில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். எண்ணிலும் தவறில்லை, படத்திலும் தவறில்லை. இரண்டையும் கலந்ததுதான் தவறு.

லண்டனின் கிரீன்விச் வானாய்வகத்தில் பூஜ்யத் தீர்க்கரேகையைக் குறிக்கும் கோட்டின் மேல் ஆயிரக்கணக்கானோர் காலை இருபுறமும் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே ஃபோனைப் பார்த்தால் பூஜ்யம் வராது. ஜிபிஎஸ் கணக்கின் பூஜ்யம் அந்தக் கோட்டுக்குக் கிழக்கே 102 மீட்டரில், பக்கத்துப் பூங்காவில் இருக்கிறது. சீனாவில் கதை வேறு. அந்நாட்டு விதிப்படி பொது வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற முறையில் வேண்டுமென்றே பிசகடிக்கப்பட்டவை. மாற்றிக் கணக்கிடாமல் பார்த்தால், கோள் எடுத்த படத்தில் ஆற்றின் நடுவே சாலை ஓடுவது போலத் தெரியும். சில நூறு மீட்டர் வரை விலகல் வரும். சீனாவுக்குப் போகிறவர்கள் அங்குள்ள மேப் ஆப்பையே பயன்படுத்துவது உத்தமம்.

சரிசெய்யும் வழி: கருவியின் அமைப்பில் டேட்டம் (மேலே சொன்ன வடிவமும் மையமும் சேர்ந்த கணக்கு) என்ற இடத்தைப் பாருங்கள். படத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் டேட்டமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆர்டிகே, அதாவது ஓரிடத்தில் நிலையாக நிற்கும் பேஸ் நிலையத்தின் உதவியோடு சென்டிமீட்டர் துல்லியம் தரும் முறையை வைத்து அளக்கும் சர்வேயர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பேஸ் நிலையத்துக்குக் கொடுத்த ஆயத்தொலைவு தவறென்றால் அன்று அளந்த அத்தனை புள்ளிகளும் அதே அளவு நகர்ந்திருக்கும். திரையில் சென்டிமீட்டர் துல்லியம் என்றே காட்டும், அதனால்தான் இது ஆபத்தானது. இடம் ஏற்கனவே தெரிந்த ஓர் அளவைக் கல்லின் மேல் வைத்துச் சரிபார்க்காமல் எந்த நாளின் வேலையையும் தொடங்காதீர்கள்.

பல கிலோமீட்டர் தள்ளிப் போகிறது

ஒருவர் சொன்ன எண்ணை இன்னொருவர் தன் கருவியில் போட்டதும் இப்படி ஆனால், எண் எழுதும் முறையில்தான் சிக்கல். படகுகளில் இருக்கும் கருவி பெரும்பாலும் டிகிரியும் மினிட்டும் காட்டும். ஃபோன் மேப் டிகிரியை மட்டும் தசமத்தில் எழுதும். ராமேசுவரம் தீவில் ஒரு இடம் 9 டிகிரி 17.3 மினிட் வடக்கு, 79 டிகிரி 18.8 மினிட் கிழக்கு என்று வைத்துக்கொள்வோம். இதை ஃபோனில் 9.173, 79.188 என்று அடித்தால் ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தள்ளி, மன்னார் வளைகுடாக் கடலில் புள்ளி விழும். மினிட்டை 60ஆல் வகுத்துச் சேர்க்க வேண்டும்: 9.288, 79.313.

கரையில் இது வெறும் எரிச்சல். பாக் நீரிணையில் அப்படி இல்லை. அங்கே 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் வகுத்த கடல் எல்லை இந்தியக் கரைக்கு மிக அருகில் போகிறது. ஒரு மினிட் அட்சரேகை என்பது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். வலை விடும் பாயிண்டையோ ஆபத்தில் இருக்கும் இடத்தையோ வயர்லெஸ்ஸில் சொல்லும்போது டிகிரி, மினிட் என்ற சொற்களை விடாமல் சேர்த்துச் சொல்லுங்கள்; கேட்பவர் திருப்பிச் சொல்லட்டும். தேடி வருகிறவர்கள் எந்தத் திசையில் போவார்கள் என்பது அதைப் பொறுத்தது.

கடற்கரையில் நிற்கிறேன், உயரம் மைனஸ் 90 மீட்டர் என்கிறது

கருவி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். தெற்கில் இருக்கும் நமக்கே உரிய அறிகுறி இது. ஜிபிஎஸ் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுவதில்லை; முன்பு சொன்ன அந்தச் சீரான கணித வடிவத்திலிருந்து அளக்கப்படுகிறது. நிஜக் கடல்மட்டமோ ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேலும் கீழுமாக இருக்கிறது. உலகிலேயே மிக ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் கணித வடிவத்தைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கடற்கரையும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் உள்ளது. அதனால்தான் காலடியில் அலை அடிக்கும்போது கருவி மைனஸ் எண் காட்டுகிறது.

ஆண்ட்ராய்டில் பல ஆப்கள் இந்தக் கணித உயரத்தை அப்படியே எடுத்துக் காட்டிவிடும். ஈஜிஎம் 96 அல்லது கடல்மட்டத் திருத்தம் என்று அமைப்பில் ஏதாவது இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வாய்க்கால், வடிகால், ஏரிக்கரை என நீரோட்டம் சம்பந்தப்பட்ட அளவையில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். பள்ளத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறுவதால், ஓரிடத்தில் கண்ட வித்தியாசத்தை நீண்ட தூரத்துக்கு அப்படியே கழித்துவிட முடியாது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் வேலைக்கு லெவல் கருவியை வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

பகலெல்லாம் சரி, இருட்டியதும் ஃபிக்ஸ் போய்விடுகிறது

ஆர்டிகே கருவி சாயங்காலம் வரை ஃபிக்ஸில், அதாவது சென்டிமீட்டர் துல்லியம் உறுதியான நிலையில், நிற்கும். ஏழரை, எட்டு மணிக்கு மேல் துல்லியம் குறைந்த ஃப்ளோட்டுக்கு விழும், மீண்டும் வரும், மீண்டும் விழும். பேட்டரி, கேபிள், ரேடியோ என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தும் பயன் இருக்காது. காரணம் தலைக்கு மேலே இருக்கிறது.

சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்துகிறது. தாமதம் அலைவரிசைக்கு ஏற்ப மாறும் என்பதால் இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் கருவி அதில் பெரும்பங்கைக் கணக்கிட்டு நீக்கிவிடும். ஆனால் காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இன்னொரு தொல்லை உண்டு. இந்தியாவின் தென்முனைக்கு அருகே அந்தக் கோடு போகிறது. 1963இல் ராக்கெட் ஏவத் தொடங்கிய கேரளத்தின் தும்பாவை அதற்கு இடமாகத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். சூரியன் மறைந்ததும் இங்கே அயனி மண்டலத்தின் அடிப்பகுதியில் அடர்த்தி குறைந்த குமிழிகள் உருவாகி மேலெழுகின்றன. அவற்றினூடே வரும் சிக்னல், நட்சத்திரம் மின்னுவது போல, கூடியும் குறைந்தும் துடிக்கிறது. கருவி பிடியை விட்டுவிடுகிறது. பிரேசிலிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வேலை செய்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரிந்த தொல்லை. நம் பக்கம் மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும், சூரியனின் சீற்றம் மிகுந்த ஆண்டுகளிலும் கூடுதலாக இருக்கும். நள்ளிரவை ஒட்டித் தணியும்.

துல்லிய அளவையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில்தான் முடியுமென்றால் எல்லா நாட்டுக் கோள்களையும் கருவியில் திறந்துவிடுங்கள். ஒரு திசை துடித்தாலும் மற்ற திசைகள் தாங்கும். ஃபிக்ஸ் போய்த் திரும்பி வந்ததும் முன்பு எடுத்த புள்ளி ஒன்றை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள், பொய்யான ஃபிக்ஸ் வருவதும் உண்டு. சூரியப் புயல் அடித்தால் பகல், இரவு, ஊர் எதுவும் பாராது. 2024 மே 10, 11 தேதிகளில் அடித்த புயலின்போது அமெரிக்காவின் மத்திய மேற்கில் விதைப்புப் பருவம். ஜிபிஎஸ் வழி வரிசை பிடித்து ஓடும் டிராக்டர்கள் தடம் தவற, விவசாயிகள் வேலையை நிறுத்தினார்கள்.

திறந்தவெளியிலும் ஒட்டுமொத்தமாகச் சிக்னல் இல்லை, அல்லது ஏதோ விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டுகிறது

தரைக்கு வரும் சிக்னல், ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு. அதே அலைவரிசையில் பக்கத்தில் யாராவது சத்தம் போட்டால் மூழ்கிவிடும். அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் ஜிபிஎஸ்ஸை நம்பிய தரையிறக்கும் கருவி தடுமாறியதற்குக் காரணம், அந்தப் பக்கம் வந்த ஒரு நிறுவன வண்டி. முதலாளி தன்னைக் கண்காணிப்பதைத் தடுக்க அதன் ஓட்டுநர் சிக்னலை அமுக்கும் ஜாமர் கருவியை வைத்திருந்தார். 2013இல் அவருக்கு 31,875 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

ஸ்பூஃபிங் இதைவிட மோசம். கோள் போலவே நடித்துப் பொய்யான நேரத்தை அனுப்புவது அது. 2017 ஜூனில் கருங்கடலில் நோவரோசிஸ்க் அருகே இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள், தாங்கள் கெலென்ஜிக் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. 2024இல் இஸ்ரேலின் வடக்கே இருந்தவர்களின் ஃபோன்கள் பெய்ரூட் விமான நிலையத்தைக் காட்டின. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் ஃபின்ஏர் நிறுவனம், சிக்னல் குறுக்கீட்டால் எஸ்தோனியாவின் தார்த்து நகருக்கான விமானங்களை ஒரு மாதம் நிறுத்திவைத்தது.

எப்படிப் பிரித்தறிவது? எல்லாக் கோள்களின் அளவும் ஒரே நொடியில் சரிந்தால் ஜாமர். அளவுகள் வலுவாக, ஒன்றுபோல இருக்க, இடமும் நேரமும் மட்டும் தாவினால் ஸ்பூஃபிங். ஃபோனில் இதற்கு நிவாரணம் இல்லை. அந்த இடத்தை விட்டு விலகுவதே வழி. கடலில் இருப்பவர்கள் திசைகாட்டி, ஆழமானி, ரேடார் இவற்றோடு இடத்தை ஒப்பிடுங்கள். காகிதக் கடல்வரைபடத்தில் மணிக்கொரு முறை இடத்தைக் குறித்துவரும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். திரை பொய் சொல்லத் தொடங்கிய நேரத்தில் கடைசியாக நம்பக்கூடிய புள்ளி அதில்தான் இருக்கும்.

இடம் சரி, தேதி மட்டும் சுமார் இருபது ஆண்டு பின்னால்

ஜிபிஎஸ் வாரங்களை 1980 ஜனவரி 6 முதல் எண்ணுகிறது. பழைய செய்தி வடிவில் வார எண்ணுக்கு 10 பிட் மட்டுமே இடம். 1,024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நடந்தது. அடுத்தது 2038 நவம்பர். 2019இல் நியூயார்க் நகராட்சியின் கம்பியில்லா வலையமைப்பு இதனால் படுத்துவிட்டது. பழைய வண்டியிலோ படகிலோ தேதி இப்படிப் பின்னால் போயிருந்தால் தயாரிப்பாளரின் மென்பொருள் புதுப்பிப்பைத் தேடுங்கள். அது இல்லையென்றால் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்; தேதியை வைத்துக் கணக்கிடும் அலை அட்டவணையை அந்தக் கருவியில் பார்க்க வேண்டாம்.

எல்லோருக்கும், எல்லா இடத்திலும், ஒரே நேரத்தில்

மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை, வேறு ஊரில் இருப்பவர்களும் இதையே சொல்கிறார்கள் என்றால் மட்டும் கோளைச் சந்தேகியுங்கள். 2014 ஏப்ரலில் குளோனாஸ் கோள்கள் தங்கள் இடத்தைப் பற்றிய தவறான விவரத்தைப் பல மணி நேரம் அனுப்பின. 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய ஜிபிஎஸ் கோளை ஓய்வுபெறச் செய்தபோது, நேரத் திருத்த எண் 13 மைக்ரோ நொடி பிசகியது. வழிகாட்டலைவிட, அந்த நேரத்தை நம்பியிருந்த தொலைத்தொடர்பு நிலையங்களில்தான் அபாய ஒலிகள் எழுந்தன. 2019 ஜூலையில் கலிலியோ தரைநிலையக் கோளாறால் கிட்டத்தட்ட ஒரு வாரம் முடங்கியது. பல நாட்டுக் கோள்களைச் சேர்த்துக் கேட்கும் ஃபோன் வைத்திருந்த பலருக்கு இது தெரியவே இல்லை.

நாவிக் பட்ட பாடும் இங்கேதான் சேரும். 2013இல் ஏவிய முதல் கோளின் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் ஏவியது வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது. 2023 மே மாதம் போன என்விஎஸ்-01 உள்நாட்டு ருபிடியம் கடிகாரத்தைச் சுமந்தது, ஃபோன்கள் எளிதில் கேட்கக்கூடிய எல்1 அலைவரிசையையும் சேர்த்தது. 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02 குறித்த சுற்றுப்பாதைக்கு உயர முடியாமல் போனது. ஆகவே உங்கள் ஃபோனில் நாவிக் கோள் குறைவாகத் தெரிந்தால் ஃபோனைக் குறை சொல்ல வேண்டாம். கருவியில் நாவிக்கை மட்டும் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் மற்ற நாட்டுக் கோள்களையும் திறந்துவிடுங்கள். ஜிபிஎஸ் கோள்களின் அன்றாட நிலையை அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் வழிகாட்டு மையமும், கலிலியோ நிலையை அதன் சேவை மையமும் பொதுவில் அறிவிக்கின்றன. அதில் எதுவும் இல்லையென்றால் தயங்காமல் மேலே போய், இந்த இடத்தில் மட்டுமா என்ற கேள்வியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.